தங்கையின் வயிறும் காட்டுச் சமையலும்

என் தங்கை வசந்தியைக் காட்டுக்குப் போகவிடாமல் தடுப்பதற்காகத்தான் கொழும்புக்குப் போனேன். சுற்றிப் பார்க்கவோ புடவை எடுக்கவோ இல்லை. திருச்சியில் விமானம் ஏறி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிடுகிறது. அவளைத் திட்டுவதற்கென்று தயார் செய்து வைத்திருந்த வசனங்களில் பாதியைக்கூட ஒத்திகை பார்க்க முடியவில்லை.

விஷயம் இதுதான். வசந்திக்குப் போன வருடம் கட்டி வந்து, வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு கைப்பிடிக்கு மேல் ஒரே நேரத்தில் சாப்பிட முடியாது. கொஞ்சம் கூடிப்போனாலும், இனிப்பாக எதையாவது விழுங்கினாலும் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவாள். சாப்பிடாமல் இருந்தால் அதைவிட மோசம். இப்படிப்பட்டவள் கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடந்து போகப் போகிறாளாம். மூட்டையை முதுகில் சுமந்து, வழியில் கல்லைக் கூட்டிச் சமைத்து, யானைக்கும் கரடிக்கும் நடுவே படுத்து எழுந்து போகிற பாத யாத்திரை. ஆபரேஷன் அன்றைக்கு முருகனிடம் வேண்டிக்கொண்டாளாம்.

எங்கள் அம்மா போனதும் இதே வயிற்று நோயில்தான். கூடவே இருந்து பார்த்தவள் நான். எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் அது ரொம்பச் சின்ன வார்த்தை.

வெள்ளவத்தையில் அவள் வீடு கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி நடுங்கும். அவள் கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் திருச்சிக்கு வந்து எங்கள் தெருவில் குடியிருந்தவர், திரும்பிப் போகும்போது எங்கள் வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

"நான் என்னத்தைச் சொல்றது அக்கா? டொக்டர் போகலாமெண்டுதான் சொல்றார். ஆனா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேணுமாம். சாப்பிட்டா நடக்கலாம், சாப்பிடாட்டி ஏலாதாம். நீங்கள் இருந்து பாருங்கோ. நீங்கள் ஓமெண்டா போகட்டும், வேண்டாமெண்டா நிக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

தீர்ப்பு என் தலையில் வந்து விழுந்தது. வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வந்த உடனே வேணாம்னு சொல்லிடாத. கொஞ்சம் யோசி."

என்னோடு பேசும்போது மட்டும் அவளுக்குத் திருச்சிப் பேச்சு வரும். அடுத்த நிமிடமே போனை எடுத்து, "ஓம், அக்கா வந்திட்டா, நான் பிறகு கதைக்கிறன்" என்று யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டாள்.

நான் பெண்கள் விடுதி ஒன்றில் மெஸ் நடத்தி ஓய்ந்தவள். ஒரு பெண் தட்டில் எதை மிச்சம் வைக்கிறாள் என்பதைப் பார்த்தே அவளுக்குக் காய்ச்சலா, காதலா, வீட்டு நினைப்பா என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு மதியம் இடியப்பமும் சொதியும். நம் ஊரில் தேங்காயைக் கொஞ்சமாகத் தூவுவோம். இங்கே தேங்காய்ப் பாலுக்குள்தான் மற்றதெல்லாம் மிதக்கிறது. நான் பரிமாறிவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். ஒரு இடியப்பத்தில் பாதியைத் தின்றாள். மீதியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதன்மேல் கறிவேப்பிலையைப் போட்டு மூடினாள். என் மெஸ்ஸில் இந்தத் தந்திரத்தைச் செய்யாத பெண் கிடையாது.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. "நானும் உன்கூட வர்றேன். உனக்குன்னு தனியா செஞ்சு எடுத்துக்கிட்டு வர்றேன். அது உனக்கு ஒத்துக்கிட்டா போகலாம்" என்றேன். மறுப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கட்டும் என்பதுதான் உள்ளுக்குள் என் கணக்கு.

மறுநாள் காலையில் யாத்திரைக் குழுவின் தலைவர் போனில் வந்தார். தேவராஜ் என்று பெயர். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. பல தடவை காட்டு வழியே நடந்தவர், அது குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, தட்டு, டம்ளர், கரண்டி ஒண்ணும் வேணாங்க. கையும் இலையும் போதும். பெரிய சட்டி ஒண்ணு, அத மாத்தி மாத்தித் தூக்குவோம். மீன், முட்டை வாசமே ஆகாது. தண்ணிக்கு அங்க ரொம்பக் கஷ்டம், ஊற வைக்கிற, கழுவுற சாமான் கொண்டு வராதீங்க. கனமும் வேணாம், கல்யாண வீட்டுக்குச் சமைக்கிற மாதிரி வந்துடாதீங்க!"

கல்யாண வீட்டுக்குச் சமைத்துப் பழகிய கைதான் என்னுடையது. நூறு பேருக்கு சாம்பார் வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். ஒருத்திக்கு, பாதி வயிற்றுக்கு, முதுகில் தூக்கிப் போகிற மாதிரி சமைப்பது எப்படி என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

காலி வீதியில் சாமான் வாங்கப் போனோம். சேலைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையில் ஒரு முஸ்லிம் பெரியவரின் பலசரக்குக் கடை. யாத்திரை என்றதும் அவரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"துவரம்பருப்பு என்னத்துக்கு? அது வேகுமட்டும் காட்டுல ஆனை வந்துடும். மைசூர்ப் பருப்பு கொண்டு போங்கோ, ரெண்டு கொதியில கரையும். தேங்காய்ப்பால் மா இரிக்கி. சோயா இரிக்கி. மலைக்கு ஏறப் போற புள்ளைகள் எல்லாம் இந்தச் சோயாவத்தான் அள்ளிக்கிட்டுப் போற."

சோயாப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். கோழி மணம் என்று போட்டிருந்தது. முருகா என்று திருப்பி வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே மணம் எதுவும் சேராத பாக்கெட்டைத் தேடிக் கொடுத்தார். என் பயம் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். அரிசியையும் பருப்பையும் சிவக்க வறுத்து, மிளகு சீரகம் சேர்த்து உடைத்தால், வெந்நீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் பொங்கலாகிவிடும். குழைய வேகவைத்த சாதத்தைப் பரப்பிக் காயவைத்தால் மறுபடி தண்ணீரில் சீக்கிரம் மலரும். கேரட்டையும் பூசணியையும் அவித்து மெல்லிசாகச் சீவிக் காயவைக்கலாம். இதெல்லாம் திருச்சியில். அங்கே மொட்டை மாடியில் ஒரு நாள் போட்டால் சலசல என்று சத்தம் போடும். வெள்ளவத்தையில் பால்கனியில் போட்டேன். மாலையில் தொட்டுப் பார்த்தால் போட்டதைவிட ஈரமாக இருந்தது. கடல் காற்று. அடுத்த நாள் சாதத்தில் புளித்த வாடை வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். இவளுக்கு இருக்கும் வயிற்றில் பூஞ்சை பிடித்த பருக்கை ஒன்று போனால் என்னாகும்?

மாப்பிள்ளைதான் வழி சொன்னார். "கார் வெயில்லதானே நிக்குது அக்கா. கண்ணாடியை ஏத்தி விட்டா உள்ளுக்கு அடுப்பு மாதிரித்தான் இருக்கும்." காரின் முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே தாம்பாளங்களை வைத்தோம். அவர் வேலை முடிந்து திரும்பும்வரை கார் அவருடைய வங்கி வாசலில் வெயிலில் நின்றது. சாதம் கல்லாகக் காய்ந்திருந்தது. கார் மட்டும் பூசணிக்காய் வாசம் அடித்தது. வங்கி மேலாளர் அன்று அவரோடு காரில் வருவதாக இருந்து, கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஆட்டோவில் போய்விட்டாராம்.

காய்ந்ததை ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாகச் சின்னப் பொட்டலங்களில் போட்டேன். ஒரு பொட்டலம் ஒரு வேளை. பால்கனியில் சிறிய அடுப்பை வைத்து, காட்டில் செய்வது போலவே ஒவ்வொன்றையும் செய்து பார்த்தோம். ருசி நன்றாகத்தான் இருந்தது. வசந்தி இரண்டு வாய் சாப்பிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். மூன்றாவது வாய் கன்னத்துக்குள்ளேயே நிற்கும். "முழுங்குடி" என்பேன். முழுங்குவாள். கண்ணில் தண்ணீர் வரும்.

ஒரு நாள் மட்டும் பொட்டலம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுப்பிரமணியருக்குச் சூடம் ஏற்றினேன். பிறகு பால்கனிக்குப் போனால், கைப்பிடிச் சுவரில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்து அடுத்த வேளைக்குக் காத்திருந்தன. ஒன்றின் அலகில் என் பொங்கல் ஒட்டியிருந்தது.

உள்ளே வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவளும் போய்விடுவாள் என்று நினைத்துத்தான் அழுதேன். அம்மா கடைசியில் இப்படித்தான், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிச் சொல்லியே இளைத்தாள். மாப்பிள்ளையிடம் அன்று இரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன். ஆனால் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடைக்கு இரண்டு பேரும் வருவதாக வசந்தி தேவராஜிடம் சொல்லிவிட்டிருந்தாள். சரி, கடைசியாக அதையும் பார்த்துவிடுவோம், பத்துப் பேர் முன்னிலையில் அவளுக்கே புரியட்டும் என்று இருந்தேன்.

ஒத்திகை என்றால், காட்டில் போவது போலவே மூட்டையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் வழியாக நடந்து, களனி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஹெந்தளையில் தேவராஜின் மைத்துனர் தோட்டத்தில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நடந்தே திரும்புவது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் பிடித்தோம். பஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளே பாட்டுச் சத்தத்தில் என் மூக்குத்தி ஆடியது. நின்றுகொண்டிருந்த என்னிடமிருந்து கண்டக்டர் பையைப் பிடுங்கி டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் வைத்தார். இங்கே அதுதான் வழக்கமாம். வசந்தியின் பொட்டலங்கள் எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தன.

கொட்டாஞ்சேனை வந்ததும் "பஹின்ன, பஹின்ன" என்று கண்டக்டர் சிங்களத்தில் எங்களை இறங்கச் சொல்லித் தள்ளாத குறையாகத் தள்ளினார். பின் கதவு வழியாக இறங்கினோம். பஸ் கிளம்பிய பிறகுதான் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம்.

"பை உன்கிட்ட இல்லயா?"

"நீ எடுத்தேன்னு நெனச்சேன் அக்கா!"

"மல்லி! மல்லி! நவத்தன்ன!" தம்பி, நிறுத்து என்று வசந்தி சிங்களத்தில் கத்திக்கொண்டே ஓடினாள். ஓடாதடி என்று நான் அவள் பின்னால் ஓடினேன். ஒரு துறைமுக லாரி குறுக்கே வந்தது. பஸ் போய்விட்டது.

குழுவோடு அங்கே காத்திருந்த தேவராஜ் யார் யாருக்கோ போன் போட்டார். பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் ஆள் இருக்கிறார், பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். "வாங்க அக்கா, நடப்போம். பை வந்துடும்." இவளுக்கு இப்போது என்ன கொடுப்பேன்? வழிச் சாப்பாடு போய்விட்டது, திரும்பி வீட்டுக்குப் போகலாம் என்றேன். வசந்தி கேட்காதவள் மாதிரி மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

முகத்துவாரத்தில் மீன் வலைகளும் உப்புக் காற்றும். பெண்கள் வாசலில் உட்கார்ந்து எங்கள் மூட்டைகளைப் பார்த்து, "கதிர்காமமா? எங்களுக்கும் கும்பிட்டுட்டு வாங்க" என்றார்கள். வசந்தி நின்று நின்று எல்லாருக்கும் தலையாட்டினாள். நான் அவள் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். வியர்வை வெயிலால் வந்ததா, பசியாலா? வழியில் ஒரு பிஸ்கட் கொடுத்தேன். பாதி தின்றாள். மீதியை யாருக்கும் தெரியாமல் மூட்டைக்குள் போட்டுக்கொண்டதாக நினைத்தாள். எனக்குத் தெரிந்தது.

ஹெந்தளைத் தோட்டத்தில் கல் கூட்டி, பெரிய சட்டியில் சோறு பொங்கினார்கள். பருப்பு, சோயாக் கறி, வறுத்த கத்தரிக்காய். எல்லாவற்றிலும் மிளகாய்த் தூள் சிவந்து கிடந்தது. இது அவளுக்கு ஆகாது என்று தேவராஜிடம் சொன்னேன். பருப்பில் கொஞ்சம் காரமில்லாமல் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு சட்டியைப் பார்த்துவிட்டு வசந்தியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்கதானே யாழ்ப்பாணத்து மருமகள்? வாங்க, குழைச்சுத் தாங்க."

குழைப்பது என்றால், யாழ்ப்பாணத்து வீடுகளில் செய்வதுபோல, ஆளுக்குத் தனியாகப் பரிமாறாமல், சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் ஒன்றாகப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கையில் ஒவ்வொரு உருண்டையாக வைப்பது. கழுவத் தட்டில்லை, தண்ணீர் மிச்சம். தண்ணீர் கிடைக்காத காட்டில் இதுதான் வசதி என்று அவர்கள் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். வசந்தி கையைக் கழுவிவிட்டுச் சட்டியின் முன் உட்கார்ந்தாள். காரமில்லாத பருப்பைத் தாராளமாக ஊற்றி ஓரத்தில் ஒரு பகுதியைத் தனியாகப் பிசைந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பை கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது. ஒரு முச்சக்கர வண்டியில் கொடுத்து அனுப்புகிறார்களாம். நான் வாசலுக்கு ஓடினேன். வண்டி வரவில்லை. பாதை தவறி வேறு சந்துக்குப் போய்விட்டது. நான் தெருவில் நின்று, "இந்தப் பக்கம், சிவப்பு கேட்" என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியவில்லை, எனக்குச் சிங்களம் தெரியவில்லை. ஒரு வழியாகப் பை வந்து சேர்ந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தவள், தென்னைமரத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

வசந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ "எனக்கு இன்னொண்டு" என்று கையை நீட்ட, "உங்களுக்கு எத்தனையாவது? பிள்ளையாரா நீங்கள்?" என்று சொல்லிக்கொண்டே ஓர் உருண்டையை வைத்தாள். அடுத்தவருக்கு ஒன்று. அடுத்தவருக்கு ஒன்று. பிறகு ஓரத்திலிருந்து சின்னதாக ஒன்றை உருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே கதை கேட்டாள். மறுபடி மற்றவர்கள் கைகளில் வைத்துவிட்டு, மறுபடி தனக்கொன்று. அவசரமில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளும் தான் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை.

நான் எண்ணத் தொடங்கினேன். பிறகு நிறுத்திவிட்டேன். ஓரமாக வைத்த பகுதி காலியாகியிருந்தது. காகம் ஒன்றும் அங்கே இல்லை.

பொட்டலப் பையோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, படபடப்பு வருகிறதா, சாய்கிறாளா என்று காத்திருந்தேன். வரவில்லை. சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மூட்டையைக் கட்டினாள். திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

களனிப் பாலத்தில் நானும் அவளும் பின்தங்கி நடந்தோம். கீழே ஆறு கலங்கலாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நல்லா சாப்ட்டியே" என்றேன்.

"ம்." மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "கோவிச்சுக்காத அக்கா. நீ எதிர்ல ஒக்காந்து தட்டையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது. தொண்டைய யாரோ புடிக்கிற மாதிரி இருக்கு."

"உன் நல்லதுக்குத்தானேடி பாக்கறேன்?"

"தெரியும். ஆனா நீ அம்மாவ எப்படிப் பாத்தியோ அப்படியே என்னப் பாக்கற. அம்மா செத்துப்போச்சு அக்கா. நான் இன்னும் சாகல."

பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவளும் எனக்காக நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை கேட்டார். "என்னக்கா, என்ன மாதிரி?"

"போகட்டும்" என்றேன். "நான் போகல. அவ மட்டும் போகட்டும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கள் போகாட்டி ஆர் அவவுக்குச் சாப்பாடு குடுக்கிறது?"

"அவதான் எல்லாருக்கும் குடுப்பா" என்றேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

சொல்லிவிட்டேனே தவிர, பயம் போகவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் அரிசி வறுத்தேன், காரில் காயவைத்தேன். ஆனால் பொட்டலங்களாகக் கட்டாமல், குழுவின் பொதுச் சாமான் சாக்கில் கொட்டிவிட்டேன். எது யாருக்கு என்று இனி யாருக்கும் தெரியாது. அதைச் செய்ய எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கிளம்பும் நாள் காலையில் கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் வேன் நின்றது. தேவராஜ் சாமான்களைக் கூரையில் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தேவையில்லாமல் ஒரு கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் இடியப்பப் பார்சல் கொடுத்தார்கள். வசந்தி கோயில் படியில் உட்கார்ந்து தன்னுடையதைப் பிரித்தாள்.

நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். எதிரே ஒரு பூக்கடை. கடைக்காரப் பெண் வாளித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி பின்னோக்கி வந்து திரும்ப முடியாமல் நின்றது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பிடித்து வைத்தேன். பின்னால் காகிதம் சரசரத்தது. யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். இவ்வளவு நேரமா ஒரு பார்சல் சாப்பிட என்று தோன்றியது. சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறாளோ என்றும் தோன்றியது.

"ஆச்சு அக்கா. இனித் திரும்பு."

திரும்பினேன். பார்சல் காகிதம் ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தது. கையைக் கழுவிவிட்டுப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரைக்கும் வந்தது.

"பத்திரமா போயிட்டு வாடி" என்றேன்.